காசுகளைப் படமெடுப்பது: வெளிச்சமும் நிறமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா விட்டுப்போன ஒரு பிஸ்கட் டின் காசில் தொடங்கியது என் சேகரிப்பு. இப்போது திருவல்லிக்கேணி வீட்டில் ஜன்னலோர மேசை முழுக்க அதற்கே ஒதுக்கியாகிவிட்டது. காசு சேர்க்கும் நண்பர்கள் படம் எடுப்பது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். செலவு குறைந்த வழி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

காசு கையிலேயே இருக்கிறதே, படம் எதற்கு?

கையில் இருப்பது இப்படியே இருக்காது, அதனால்தான். சென்னைக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். செம்புக் காசு ஒன்றை ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேசை இழுப்பறையில் மறந்துவிட்டுத் தை மாதம் எடுத்துப் பார்த்தால் நிறம் ஒரு படி இறங்கியிருக்கும், சில சமயம் எழுத்தின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு கிளம்பியிருக்கும். போன வருடப் படம் இருந்தால் எந்தப் புள்ளி பழையது, எது புதிதாக வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம், படிக்க முடியாத எழுத்துள்ள பழங்காசை விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்பதற்கும் படம்தான் வேண்டும், காசு திருடுபோனால் அடையாளம் சொல்வதற்கும் அதே படம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: காசை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு என்ன நிறம் தெரிகிறதோ அதுதான் படத்திலும் தெரிய வேண்டும்.

நல்ல கேமரா வாங்க வேண்டுமா, போன் போதுமா?

முதல் வருடத்துக்குப் போன் போதும். கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல விளக்கு இரண்டு வாங்குங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

போனில் பலரும் செய்யும் தவறு காசுக்கு மிகவும் கிட்டே கொண்டுபோவது. கிட்டே போனதும் பல போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், காசு நடுவில் உப்பி ஓரத்தில் ஒடுங்கினாற்போல வரும், அதைவிட மோசம் போனின் நிழலே காசின் மேல் விழும். இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸ் இருந்தால் அதை வைத்து, இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி நடுவே பாலம் போலப் போனைப் படுக்க வைத்தால்கூடப் போதும். புரோ மோடு (அமைப்புகளைக் கையால் மாற்றும் வசதி) இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணர்திறனை, 50 அல்லது 100இல் நிறுத்துங்கள், மூன்று நொடி டைமர் வையுங்கள், போன் தானே அழகுபடுத்தும் வசதிகள் எதெல்லாம் உண்டோ அதையெல்லாம் அணையுங்கள். தேய்ந்த காசில் இல்லாத கோடுகளை அந்த வசதிகள் தாமே வரைந்துவிடும், சேகரிப்பாளனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கேமராதான் என்றால் சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ், 60 மில்லிமீட்டரோ 100 மில்லிமீட்டரோ. 100 என்றால் லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே விளக்கு நுழைய இடம் கிடைக்கும், அதனால் என் கை அந்தப் பக்கம்தான் போகும். கேமராவோடு சேர்ந்தே வந்த பழைய கிட் லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) மாட்டியும் நல்ல படங்கள் எடுத்திருக்கிறேன்.

ஜன்னல் வெளிச்சமே போதாதா?

போதும், மேகமூட்டமான நாளில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் ஒரு விஷயம். வெளிநாட்டுக் கையேடுகளில் வடக்கு ஜன்னல், வடக்கு ஜன்னல் என்று எழுதியிருப்பார்கள், அங்கே வடக்கில் நேர் வெயில் அநேகமாக வராது என்பதால். நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சி வெயில் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது, காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் நேர் வெயிலே விழும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தெற்கு ஜன்னல்தான் அமைதியான வெளிச்சம் தருகிறது, மார்கழியில் அது அப்படியே மாறிவிடும். உங்கள் வீட்டு ஜன்னலை ஒரு வருடம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜன்னலின் குறை, வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. காலை பதினோரு மணிக்கு எடுத்த தலைப்பக்கமும் மேகம் கடந்தபின் எடுத்த பூப்பக்கமும் ஒரே காசு போலவே இருக்காது. ஐம்பது காசுகளை ஒரே சீராக எடுக்க நினைத்தால் விளக்குக்கு வந்துவிடுங்கள்.

எந்த விளக்கு வாங்குவது? வீட்டு டியூப் லைட் ஆகாதா?

வீட்டில் இருக்கும் வெள்ளை டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்), நீலம் தூக்கலாக இருக்கும். பூஜை அறை, படுக்கை அறை மஞ்சள் பல்பு 2700 அல்லது 3000. இரண்டில் எது என்றாலும் ஓரளவு சரிசெய்துவிடலாம், இரண்டும் ஒரே சமயத்தில் எரிந்தால்தான் யாராலும் சரிசெய்ய முடியாது: காசின் ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் இருக்கும், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். ஆகவே அறை விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள், மேசை விளக்கு மட்டும் எரியட்டும்.

ரிச்சி தெருவில் எல்.இ.டி. வாங்கும்போது வாட் கேட்பதோடு நிற்காமல் சி.ஆர்.ஐ. எவ்வளவு என்றும் கேளுங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது, நூறுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. சாதாரண வீட்டு பல்புகள் எண்பதில் நிற்கும், அவற்றில் சிவப்பு குறைவாக வரும், செம்புக் காசு செத்த நிறமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். கெல்வின் 5000 முதல் 5600க்குள் இருக்கட்டும், இரண்டு விளக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை, அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, நூறில் ஒரு நொடியிலோ ஐம்பதில் ஒரு நொடியிலோ வைத்தால் கோடு போய்விடும்.

விளக்கை எங்கே வைப்பது?

இதில்தான் எல்லாம் இருக்கிறது. காசை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு பத்து மணிப் பக்கம், இன்னொன்று இரண்டு மணிப் பக்கம், இரண்டும் மேசையிலிருந்து நல்ல உயரத்தில், லென்ஸுக்குப் பக்கவாட்டில் நின்று காசை எட்டிப் பார்ப்பது போல. பெரும்பாலான காசுக்கு இதுவே ஆரம்பம். பல்பை அப்படியே விட்டால் வெள்ளிக் காசில் வெள்ளைப் பொட்டு விழும், அதனால் முன்னால் ஒரு பட்டர் பேப்பரோ டிரேசிங் பேப்பரோ தொங்கவிடுங்கள், பல்பில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. காகிதம் முழுதும் வெளிச்சமாகி ஒரு சின்ன ஜன்னல் போல ஆகிவிடும்.

இனி உயரத்தை மாற்றிப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து 1803ஆம் வருட 20 காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம், சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்தது. நம் ஊரிலேயே கம்பெனி காசடித்த இடம் இருந்தும் இது கப்பலில்தான் வந்தது. ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்து. எந்திரத்தில் அடித்ததால் தளம் சமமாக இருக்கும், ஆகவே விளக்கு உயரே இருக்கும்போது தளம் முழுதும் ஒரே சீராகப் பழுப்பு பூக்கும், நிறத்தைப் பார்க்க அதுதான் நிலை. விளக்கை மெல்லக் கீழே இறக்கினால் நிறம் மங்கிக்கொண்டே வரும், பதிலாகப் பாரசீக எழுத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிழல் முளைக்கும், கேடயத்துக்குள் இருக்கும் கோடுகள் எழும்பும். நிறம் வேண்டுமா எழுத்து வேண்டுமா என்று காசுக்குக் காசு முடிவெடுக்க வேண்டும். நான் முக்கியமான காசுக்கு இரண்டு படமும் எடுத்து வைத்துவிடுகிறேன்.

ராஜராஜ சோழன் செப்புக் காசு போலக் கையால் அடித்துத் தேய்ந்துபோனதற்கு இரண்டு விளக்கு வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, காசை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ. சுற்றிக்கொண்டே வரும்போது ஏதோ ஒரு கோணத்தில் வெறும் மேடு பள்ளமாக இருந்த இடத்திலிருந்து முதலில் ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் அதன் தலைமேல் கிடைக்கோடு, அப்புறம் முழு எழுத்து என்று எழுந்து வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுவிடும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள்.

என் படத்தில் ராஜாவின் முகம் குழிந்து உள்ளே போனது போலத் தெரிகிறதே?

வெளிச்சம் கீழிருந்து வருகிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை நம்பிக்கொண்டிருப்பதால் நிழல் தலைகீழாக விழுந்தால் மேட்டைப் பள்ளமாகப் படித்துவிடும். படத்தின் மேல் பக்கம் எதுவோ அங்கே விளக்கு இருக்கட்டும்.

பளபளக்கும் புதுக் காசு கறுப்பாக வருகிறது, ஏன்?

கண்ணாடி போல இருக்கும் காசு எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருப்பது உங்கள் கேமராவின் கறுப்பு முகம். புரூஃப் காசில் (சேகரிப்பாளர்களுக்காகவே மெருகேற்றி அடிப்பது) தளம் கறுப்பாகவும் உருவம் வெண்பனி போலவும் வருவது சிலருக்குப் பிடிக்கும், அது தவறும் இல்லை. தளமும் வெளிச்சமாக வேண்டுமென்றால் வெளிச்சம் லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே இறங்க வேண்டும். அதற்கு ஒரு பழைய போட்டோ பிரேம் கண்ணாடி போதும்.

கண்ணாடியை நன்றாகத் துடைத்து, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். விளக்கைப் பக்கத்திலிருந்து கிடையாக அந்தக் கண்ணாடி மேல் அடியுங்கள். வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும், ஒரு சிறு பங்கு மட்டும் திரும்பிக் காசின் மேல் செங்குத்தாக இறங்கி, அதே வழியில் மேலேறி லென்ஸுக்குள் வரும். விளக்கு நேரடியாகக் காசைத் தொடாமல் நடுவே ஒரு அட்டையை நிறுத்த வேண்டும், தாண்டிப் போகும் வெளிச்சம் திரும்பி வராமல் எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட வேண்டும். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் ஒரு நொடி வரைகூடப் போகும், டிரைபாட் இல்லாமல் நடக்காது. ஆனால் 2010இல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வெளியிட்ட 5 ரூபாயின் புதுக்கருக்கு மாறாத ஒன்றை இப்படி எடுத்துப் பாருங்கள், தளம் பால்போல ஒளிர, கோபுரத்தின் விளிம்புகள் பேனாவால் வரைந்தது மாதிரி கறுத்து நிற்கும்.

வெள்ளி ஒரு சமயம் சாம்பலாகவும் ஒரு சமயம் வெறும் வெள்ளையாகவும் வருகிறது?

கேமரா எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைத் தாளில் வைத்தால் தாளைப் பார்த்து மொத்தத்தையும் மங்கலாக்கும், கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் துணியைப் பார்த்துக் காசை வெளுக்க வைக்கும். நடுச்சாம்பல் அட்டையில் வையுங்கள் அல்லது எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) கையால் ஏற்றி இறக்குங்கள். செம்புக்கும் தங்கத்துக்கும் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஹிஸ்டோகிராமில் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் சிவப்பு தனியாக வலது ஓரத்தில் முட்டியிருக்கும், முட்டிய இடத்தில் நிறத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் போய் ஒரே ஆரஞ்சுப் பூச்சாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நிறம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு 1862ஆம் வருட விக்டோரியா காலணா ஒன்றை மஞ்சள் மேசை விளக்கில் எடுத்து மதுரையில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். காசு பழுப்பு, படத்தில் மட்டும் அச்சடித்த அன்றைய சிவப்பு மிச்சம் இருப்பது போல வந்திருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை, பார்க்க நன்றாக இருந்தது, அனுப்பிவிட்டேன். அவர் அதற்கு மாற்றாகத் தன் சேகரிப்பிலிருந்து நல்ல காசு இரண்டை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி வந்தார். காலையில் ஜன்னலோரம் காசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் எதுவும் சொல்லவில்லை, காபி குடித்துவிட்டு, "வேற எதாவது இருந்தா காட்டுங்க தம்பி" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. சேகரிப்பாளர்கள் செம்பைச் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரித்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள், ஆகவே செம்பில் நிறம் தவறினால் விலையே தவறியதாகிவிடும்.

வழி சுலபம். கேமராக் கடைகளில் சாம்பல் அட்டை கிடைக்கும். காசு வைக்கும் அதே இடத்தில், அதே விளக்கில், முதலில் அந்த அட்டையை ஒரு படம் எடுத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (இந்த வெளிச்சத்தில் நிறமில்லாதது எது என்று கேமராவுக்குச் சொல்வது) அமைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாதீர்கள், படச் சட்டம் முழுக்கச் செம்பு நிறைந்திருந்தால் அறை வெளிச்சமே சிவப்பு என்று நினைத்துச் செம்பை வெளிறடித்துவிடும். சாம்பல் அட்டைக்குப் பதில் ஜெராக்ஸ் தாள் வைப்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் வெண்மைக்காகச் சேர்த்திருக்கும் ரசாயனம் நீலம் காட்டும், அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால் காசு மஞ்சளடிக்கும். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு கணினியிலும் திருத்தலாம், அதற்கும் அந்த அட்டைப் படம் ஒன்று வேண்டும்.

சரிபார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது: ஒரு விக்டோரியா ரூபாய், ஒரு 1944 ரூபாய், ஒரு 1947 ரூபாய், மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே படம். முதலாவதில் வெள்ளி 91.7 சதவீதம், இரண்டாவதில் பாதிதான், மூன்றாவது சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். மூன்றும் வெள்ளை நிறம்தான், ஆனால் மூன்றும் ஒரே வெள்ளை இல்லை. கண்ணுக்குத் தெரியும் அந்த வித்தியாசம் படத்திலும் தெரிந்தால் உங்கள் அமைப்பு சரி. மூன்றும் ஒன்று போல வந்தால் ஏதோ இடிக்கிறது, விளக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

வெள்ளி ரூபாயில் நீலமும் ஊதாவும் பொன்னிறமும் படர்ந்திருக்கிறது. படத்தில் வரவே மாட்டேன் என்கிறது?

காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படியும் மெல்லிய படலம் அது, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயில் நிறம் தெரிகிறதே, அதே காரணம். வெளிச்சம் காசில் பட்டு நேராக லென்ஸுக்குள் திரும்பினால்தான் நிறம் தெரியும், பக்கவாட்டு விளக்கில் வெறும் கறுப்பு அழுக்காகத்தான் வரும். விளக்குகளை முடிந்தவரை உயர்த்தி லென்ஸுக்கு ஒட்டினாற்போல வையுங்கள், அல்லது மேலே சொன்ன 45 டிகிரி கண்ணாடி. காசின் ஒரு ஓரத்துக்கு அடியில் தீக்குச்சி ஒன்றை வைத்துத் துளி சாய்த்தாலும் நிறம் பளிச்சென்று எழும்.

தங்கக் காசுக்குத் தனியாக எதாவது?

நீங்கள் போட்டிருக்கும் சட்டையைப் பாருங்கள். தங்கம் பக்கத்தில் இருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும், பச்சைச் சுவர் இருந்தால் பச்சை, சிவப்புச் சட்டை என்றால் சிவப்பு. நான் வெள்ளை அல்லது கறுப்புச் சட்டைதான் போடுவேன், மேசையைச் சுற்றி வெள்ளைத் தெர்மாகோல் தட்டிகள். பணம் என்று அழைக்கப்பட்ட பழைய சின்னத் தங்கக் காசுகள் மிளகுக்குக் கொஞ்சம் பெரிதாக, அரை கிராமுக்கும் குறைவான எடையில் இருக்கும், மூச்சுக் காற்றில் பறந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைத் துளி ஒட்டும் களிமண் மேல் வைப்பவர்கள் உண்டு, நான் வேண்டாம் என்பேன், எண்ணெய் ஏறிவிடும்.

பைசாக் காசுகள்?

மூன்று பைசா, ஐந்து பைசா அலுமினியக் காசுகள் சப்பென்றிருக்கும். ஒரே விளக்கு, தாழ்வாக, பின்னணி கறுப்பு. நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள் உள்ள பத்து ரூபாய்க்கு வெள்ளைப் பகுதியைப் பார்த்து வெளிச்சம் அமையுங்கள், மஞ்சள் தானே சரியாக நிற்கும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்கு ஓட்டை வழியே பின்னணி தெரியும், அங்கே அட்டையின் தூசி தெரியாமல் ஊதிவிட்டு எடுங்கள்.

எடுப்பதற்கு முன் காசைக் கழுவலாமா?

கூடாது. கூடவே கூடாது. புளியும் உப்பும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கும் வீடுகள் நம்முடையவை, காசையும் அப்படியே பளபளவென்று ஆக்கினால் நல்லது என்று தோன்றும். என் அத்தை, பாசத்தோடுதான், தாத்தா டின்னிலிருந்த விக்டோரியா ரூபாய் ஒன்றைத் திருநீறு போட்டுத் துலக்கிக் கொடுத்தார்கள். இன்று அதை எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் ராணியின் கன்னத்தில் நூல் நூலாகக் கோடுகள் மின்னுகின்றன, நூறு வருடம் படிந்த நிறம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது, அது திரும்பாது. புளியின் அமிலம் செம்பின் மேல்தோலையே கரைத்துக் கத்தரிப்பூவுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு பொய் நிறம் தரும், விஷயம் தெரிந்தவர்கள் படத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தூசியை ஊதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள், அவ்வளவுதான். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், அடியில் மெத்தென்ற துணி இருக்கட்டும், காசுக்கு மேலே குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் சில மாதத்தில் கறும்புள்ளியாகும். பொடிப் பொடியாக உதிரும் வெளிர்பச்சை கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வையுங்கள், அது பரவும்.

பிளாஸ்டிக் உறையோடு எடுக்கலாமா?

வெளியே எடுத்து எடுப்பதுதான் சரி. மெத்தென்று வளையும் பி.வி.சி. உறையாக இருந்தால் படத்துக்காக இல்லாவிட்டாலும் வெளியே எடுங்கள், நம் வெக்கையில் அது கசிந்து காசில் பச்சைப் பிசுக்காகப் படியும். சீல் வைத்த கெட்டி உறை என்றால் விளக்கைக் கொஞ்சம் சாய்த்து, பிரதிபலிப்பு காசைத் தாண்டி விழும் இடத்தைத் தேடுங்கள்.

போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் மினுமினுப்புப் போகுமா?

உலோகத்தின் மினுமினுப்பை லென்ஸ் போலரைசர் மட்டும் அவ்வளவாகக் குறைக்காது. விளக்கிலும் போலரைசர் தாள் ஒட்டினால் குறையும், ஆனால் காசு உயிரில்லாத சேறு போல ஆகிவிடும். தேவையில்லை.

எல்லாம் செய்தும் படம் கூர்மையாக இல்லை?

ஃபேனை அணைத்தீர்களா? மாடி வீட்டில் ஃபேன் சுற்றினால் மேசை லேசாக நடுங்கும், மேக்ரோவில் அந்த நடுக்கம் தெரியும். அணைத்தால் ஐந்து நிமிஷத்தில் வியர்க்கும், அதனால் நெற்றியில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள், செம்பின் மேல் விழும் ஒரு சொட்டு வியர்வை ஆயுளுக்கும் அடையாளம் விடும். ஏ.சி. அறையிலிருந்து கேமராவைக் கொண்டுவந்தால் பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள், இல்லையென்றால் லென்ஸில் பனி படியும்.

அடுத்தது கேமரா நேராகக் கீழே பார்க்கிறதா என்பது. காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். திரையில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரியும்வரை டிரைபாடைத் திருத்துங்கள், தெரிந்துவிட்டால் இரண்டும் இணை. ரசமட்டம் எதுவும் வேண்டாம். லென்ஸின் ஒளித் துளையை எஃப் 8 அருகே வையுங்கள் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). எஃப் 22க்கு மூடினால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும் என்று நினைப்போம், காசு அளவுக்கு நெருங்கும்போது துளை கணக்கில் இன்னும் சிறுத்துவிடும் (காசு சென்சாரில் அதே அளவில் விழும்போது எஃப் 8 என்பது எஃப் 16 போலத்தான் நடந்துகொள்ளும்), ஒளி சிதறி எல்லாம் மழுங்கும். கரூர்ப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் போலத் தலை உருவம் நன்றாகப் புடைத்திருந்தால் மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று என ஃபோகஸை மாற்றிச் சில படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், வெட்டுவது, துளி கூர்மை. நிறச் செறிவை ஏற்றும் பட்டியில் கை வைக்காதீர்கள். திருத்தும்போது காசு பக்கத்திலேயே, அதே விளக்கில் இருக்கட்டும், ஞாபகத்தை வைத்துத் திருத்தினால் ஆசைதான் திருத்தும். திரையில் இரவு நேர மஞ்சள் வசதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சேமிக்கும்போது எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண அமைப்பில் சேமித்தால் அனுப்புகிற இடத்திலும் ஏறக்குறைய அதே நிறம் தெரியும்.

கண் பழகுவதற்கு ஒரு யோசனை: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களை ஒரு மதியம் நின்று பாருங்கள். பழைய செம்பு எத்தனை விதமாகப் பழுப்பாக இருக்கும் என்று தெரிந்த கண்ணுக்குத் தன் படத்தில் எது மிகை என்பது தெரியும்.

ஸ்கேனரில் வைத்து எடுத்தால்?

அளவு துல்லியமாக வரும், பட்டியல் போடப் போதும். மெல்லிய வகை ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொடாத பகுதி மங்கிவிடும், நிறப் படலமும் பளபளப்பும் எதிலும் வராது.

படத்தோடு என்ன எழுதி வைப்பது?

எடை, விட்டம், எடுத்த தேதி, எந்த விளக்கு, கிடைத்த இடம் அல்லது கொடுத்தவர். ஒரு படத்திலாவது காசுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். சங்க காலப் பாண்டியர் சதுரக் காசு மாதிரி ஓரம் ஒழுங்கில்லாதவற்றுக்கு விளிம்பையும் ஒரு படம் எடுங்கள், வெட்டிய விதம் அங்கேதான் தெரியும்.

நூற்றுக்கணக்கில் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

செம்பிலிருந்து. அதுதான் சீக்கிரம் மாறும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபருக்குள், செம்பையும் வெண்கலத்தையும் முடித்துவிடுங்கள், தங்கம் காத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துக் காசு, இரண்டு பக்கமும் சேர்த்து இருபது படம், அதற்கு மேல் போனால் கண் களைத்து நிறம் தவறும். விளக்கின் கால்கள் நிற்கும் இடத்தையும் காசு இருக்கும் இடத்தையும் மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு எழுந்திருங்கள், வீட்டில் யாராவது மேசையைத் துடைக்கும்போது அந்த டேப்பை உரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே வெளிச்சம் கிடைக்கும்.